‘புடிச்சிருக்கு’ என்று நான் சொன்ன நாள்

அம்மன் வழிபாட்டு மன்றத்துச் சகோதரிகள் எல்லோருக்கும் பத்மாவின் வணக்கம். என் கதையை நேரில் கேட்டவர்கள், இதை எழுதிக் கொடு, வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்றார்கள். எழுதுவது எனக்கு எப்போதும் சுலபம்தான். பேச்சுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே திக்கும். எல்லாச் சொல்லும் திக்காது. ப, த, க என்று தொடங்கும் சொல் வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைக்கும். கண் தானாக மூடிக்கொள்ளும். எதிரில் இருப்பவர் முகத்தில் முதலில் சிரிப்பு வரும், அப்புறம் பரிதாபம் வரும். சிரிப்பே தேவலை என்று இருக்கும் எனக்கு. என் பெயர் ‘ப’வில் தொடங்குகிறது. நான் இறங்கும் இடமும் படப்பை. வேலை முடிந்து ஒரகடத்தில் பஸ் ஏறினால் கண்டக்டரிடம் ‘படப்பை’ என்று சொல்ல வராது. ‘முடிச்சூர்’ என்பேன். அது படப்பையைத் தாண்டிப் போகிற ஊர். அதற்கு டிக்கெட் எடுத்து, படப்பையில் இறங்கிக்கொள்வேன். ஒருநாள் கண்டக்டர், முடிச்சூர் இன்னும் வரவில்லையே, இங்கே ஏன் இறங்குகிறாய் என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு வார்த்தை வரவில்லை எனக்கு. இறங்கி நடந்தேன். வீடு வரைக்கும் அழுதேன்.

அம்மா என்னைக் குணப்படுத்தச் செய்யாத வைத்தியம் இல்லை. வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினாள். வாயில் கூழாங்கல் போட்டுப் பேசச் சொன்னாள். ஒன்றும் பலிக்காமல் போனதும் அம்மா வேறு வழி கண்டுபிடித்தாள். நான் வாயைத் திறந்தாலே, மீதியை அவளே சொல்லி முடித்துவிடுவாள். நான் என்ன சொல்ல வந்தேனோ அது இல்லை, அவள் நினைத்தது. அன்பினால்தான் செய்தாள். ஆனால் வருஷம் போகப் போக, அந்த வீட்டில் எனக்கென்று ஒரு வார்த்தையும் இல்லாமல் போய்விட்டது.

பிளஸ் டூ முடித்ததும் ஒரகடம் பக்கம் காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் சேர்ந்தேன். ஆள் எடுக்க வந்தவர் பெயர் கேட்டார். உதடு ஒட்டிக்கொண்டது, பிரியவே இல்லை. அவர் பக்கத்தில் இருந்தவரிடம், “பேசாத பொண்ணு, லைன்ல வேல நல்லா நடக்கும்” என்று சொல்லி எடுத்துக்கொண்டார். வேலை கிடைத்த சந்தோஷத்தை அந்த ஒரு வார்த்தை தின்றுவிட்டது.

அங்கேதான் முத்துலட்சுமி பழக்கமானாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். படப்பையில் ஐந்தாறு பேரோடு சேர்ந்து ஒரு ரூமில் தங்கியிருந்தாள். லைனில் எனக்குப் பக்கத்து டேபிள். நான் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றால், அவள் கையில் இருக்கும் ஒயருக்கு டேப் சுற்றிக்கொண்டே இருப்பாள். அவசரப்பட மாட்டாள், முகத்தையும் பார்க்க மாட்டாள். உலகத்தில் நான் கொஞ்சமாவது பேசியது அவளிடம்தான்.

நம் மன்றத்துக்கு என்னை முதலில் கூட்டிவந்தது அம்மா. என் பேச்சுக்காக வேண்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தோம். முத்துவும் எங்களோடு வருவாள். அப்போது மன்றம் செல்லியம்மன் கோயில் பக்கத்து ஷீட் போட்ட கொட்டகையில் நடந்தது. விளக்கேற்றி, எல்லோரும் ஒன்றாக அம்மனின் நூற்றெட்டுப் போற்றியைச் சொல்வோம். முதல் இரண்டு வாரம் நான் உதட்டை மட்டும் அசைத்தேன். மூன்றாவது வாரம், உங்கள் குரலெல்லாம் சேர்ந்து எழுந்தபோது, என் குரலும் அதோடு போனது. ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. ‘போற்றி’ என்பதே ‘ப’ வரிசைச் சொல்தான். நூற்றெட்டு முறையும் தடையில்லாமல் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வழிபாடு முடிந்து வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டே முத்துவிடம் இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். பழையபடி திக்கியது. கோயில் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். கொடுத்ததைக் கையோடு பிடுங்கிக்கொள்கிறாயே தாயே என்று கோபித்துக்கொண்டேன்.

2004 ஆவணியில் எனக்குச் சம்பந்தம் வந்தது. தண்டலம் பக்கத்து மாப்பிள்ளை. பெயர் ஏழுமலை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் செக்‌ஷனில் வேலை. பெண் பார்க்க வரும் அன்றைக்குக் காலையில் அம்மா எனக்குப் பூ வைத்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

“நீ ஒண்ணும் பேச வாணாம். எது கேட்டாலும் தலைய ஆட்டு, போதும். தாலி ஏறிடுச்சின்னா எல்லாம் சரியாப்பூடும்.”

தலையை ஆட்டினேன். வந்தவர்கள் நான் அடக்கமான பெண் என்று மெச்சினார்கள். நிச்சயம் ஆனது. தையில் கல்யாணம் என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம்தான் என் கஷ்டம் தொடங்கியது. அவர் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு மளிகைக்கடை நம்பருக்குப் போன் செய்வார். கடைக்காரர் ஆள் விட்டுக் கூப்பிடுவார். நான் போய் ரிசீவரைக் காதில் வைப்பேன். நேரில் என்றால் தலையையாவது ஆட்டலாம், கையையாவது காட்டலாம். போனில் என்ன செய்வது? “பத்மாவா? சாப்ட்டியா?” என்று கேட்பார். சுற்றிலும் சாமான் வாங்க வந்தவர்கள். ‘ம்’ என்பேன். அடுத்து என்ன கேட்டாலும் ‘ம்’தான். அவரும் பாவம், தானே ஏதாவது பேசிப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமும் பேச்சு நின்றுவிடும். நான் ரிசீவரை வைத்துவிட்டு ஓடி வருவேன்.

கார்த்திகை மாதம் போன் வருவது நின்றது. கல்யாணத் தரகர் வந்து அப்பாவிடம் பேசினார். பெண்ணுக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டம் இல்லை போலிருக்கிறது, யாரோ வற்புறுத்துகிறார்கள் என்று மாப்பிள்ளை நினைக்கிறாராம். இஷ்டமில்லாத பெண்ணை இழுத்துக்கொண்டு வந்து குடித்தனம் நடத்த அவருக்கு மனம் வரவில்லையாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களோடு வந்து, தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மரியாதையாக விலகிக்கொள்கிறார்களாம்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். சகோதரிகளே, எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல வாய் இல்லாததால் எனக்குப் பிடிக்கவில்லை என்று ஆகிவிட்டது.

அம்மா பயந்துபோனாள். கூச்சம் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம், திக்குவாய் என்று மட்டும் தெரியக்கூடாது என்றாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். செத்துப்போனால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றுகூட அந்த வாரம் எனக்குத் தோன்றியது. மறைக்காமல் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மன்றத்துக்கு வந்தேன். அன்றும் போற்றி சொல்லும்போது என் குரல் தடையில்லாமல் போனது. பாதியில்தான் எனக்கு அது உறைத்தது. இத்தனை நாளும் அம்மன் கொடுத்துப் பிடுங்குகிறாள் என்று நினைத்தேனே. அவள் வாரா வாரம் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பேச்சு எனக்குள் முழுசாக இருக்கிறது. வாசல்தான் அடைத்திருக்கிறது. அதுவரை ‘என் திக்கலை எடுத்துவிடு’ என்று மட்டும்தான் வேண்டியிருந்தேன். அன்றைக்கு வேறு மாதிரி வேண்டினேன். ‘திக்கினால் திக்கட்டும் தாயே. அவரிடம் ஒருமுறை என் வாயால் சொல்லிவிடுகிறேன். அதற்கு மட்டும் எனக்குத் துணை நில்.’

குங்குமம் வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் முத்து கேட்டாள்.

“அவர் எந்தக் கம்பெனின்னு தெரியும்லா? நாளைக்கு நமக்கு லீவுதான. நீயே போயி சொல்லிரு. நான் கூட வாரேன்.”

மறுநாள் வீட்டில் முத்துவின் ரூமுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஷேர் ஆட்டோவில் ஒரகடம் போய், அங்கிருந்து பஸ் பிடித்து ஸ்ரீபெரும்புதூர். செகண்ட் ஷிப்டுக்கு ஆட்கள் வர ஆரம்பிக்கும் நேரம். கேட்டில் செக்யூரிட்டி, யார் வேண்டும் என்றார். ‘ஏழுமலை’ என்று இழுத்து இழுத்துச் சொன்னேன்.

“ஏழுமலைங்க நெறைய பேர் கீறாங்கம்மா. எந்த செக்‌ஷனு?”

பெயிண்ட் ஷாப். ‘ப’வேதான். உதடு ஒட்டிக்கொண்டது. பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். செக்யூரிட்டி வாட்சைப் பார்த்தார். முத்து எனக்காகச் சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். வேண்டாம். கண்ணை மூடி, கொட்டகையில் உங்களோடு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். மனசுக்குள் ‘ஓம்’ என்று இழுத்து, அந்த மூச்சிலேயே சொல்லை விட்டேன். “பெ… பெ… பெயிண்ட் ஷாப்.” வந்துவிட்டது. அந்தச் செக்யூரிட்டிக்கு அது ஒரு செக்‌ஷன் பெயர். எனக்கு அம்மன் கைகொடுத்த இடம்.

அவர் வந்தார். என்னைப் பார்த்துத் திகைத்து, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். முத்து டீக்கடைப் பக்கம் நகர்ந்துகொண்டாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். எனக்குத் திக்கும். சின்ன வயதிலிருந்து. அதனால்தான் போனில் பேசவில்லை. இஷ்டமில்லாமல் இல்லை. இந்த நாலு வரியைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. முகம் கோணியிருக்கும், எச்சில்கூடத் தெறித்திருக்கும். அவர் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. பார்வையைத் திருப்பவும் இல்லை. முடித்ததும் கேட்டார்.

“இத எங்ககிட்ட மறைக்கச் சொன்னாங்களா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் முகம் வாடிப்போனது. உள்ளே பெல் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில் எனக்கு அழுகை வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று இருந்தது.

மறுநாள் அவர், அவர் அம்மா, தாய்மாமன் மூவரும் வந்தார்கள். எங்கள் அம்மா முந்திக்கொண்டு, பெண்ணுக்குக் கூச்ச சுபாவம், வேறொன்றும் இல்லை என்று ஆரம்பித்தாள். அவர், நேற்று நான் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அம்மா சுவரோடு சாய்ந்துவிட்டாள். அவர் அம்மாவுக்கும் வருத்தம்தான்.

“இத மொதல்லயே சொல்லியிருந்தா இன்னா சம்பந்தி? நாங்க மனுசங்க இல்லியா?” என்றார்.

எங்கள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் அவர் அம்மா என் பக்கம் திரும்பினார். “இன்னாமா, என் புள்ளய உனுக்குப் புடிச்சிருக்கா?”

அம்மா அழுகையோடு, அவளுக்குச் சம்மதம்தான் என்று என் பதிலைச் சொல்ல வந்தாள். மாப்பிள்ளை கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீங்க சொல்லாதீங்க அத்த. அதுவே சொல்லட்டும்.”

‘ஆமாம்’ என்று சொல்லியிருக்கலாம். அது எனக்குத் திக்காது. இத்தனை வருஷமும் அப்படித்தான், வருகிற சொல்லைச் சொல்லி வராத சொல்லுக்குத் தப்பித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தப்பித்துக்கொள்ளத் தோன்றவில்லை. உதடு ஒட்டியது, பிரிந்தது, மறுபடி ஒட்டியது. அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

“பு… பு… புடிச்சிருக்கு.”

தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது.

அம்மன் அதோடு என்னை விட்டுவிடவில்லை. சென்னையில் அரசு ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் விசாரித்துக்கொண்டு வந்தார். லீவு நாளில் இருவரும் போனோம். அங்கிருந்த மேடம், இது சாபமும் இல்லை, பெற்றவர்கள் குற்றமும் இல்லை என்றார்கள். அந்த வார்த்தையை அம்மாவிடம் வந்து சொன்னேன். அவள் வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் சொல்லை முட்டித் தள்ளாமல் மெதுவாக மூச்சோடு தொடங்கக் கற்றுக்கொடுத்தார்கள். சேர்ந்து சொல்லும்போது திக்காதது பலருக்கும் உண்டு என்று அவர்கள் அதற்கொரு காரணமும் சொன்னார்கள். அதையும் நம்புகிறேன். அந்தக் கொட்டகையில் என்னை உட்கார வைத்தது யார் என்பதையும் அறிவேன்.

இன்றும் எனக்குத் திக்கும். களைத்துப்போன நாளில் அதிகமாகவே திக்கும். ஆனால் இப்போது கம்பெனியில் காலை மீட்டிங்கில் எங்கள் லைனுக்கு நான்தான் பேசுகிறேன். போன ஆடிக் கூழ் ஊற்றிய அன்று மைக்கில் போற்றி சொல்லிக் கொடுத்தேன். இரண்டு இடத்தில் நின்றேன். நின்ற இடத்திலிருந்தே திரும்பவும் தொடங்கினேன்.

வாய் இருந்தும் பேச முடியாமல் எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். திக்குகிறவர்கள் மட்டும் இல்லை. புருஷனுக்குப் பயந்து, சூப்பர்வைசருக்குப் பயந்து, ஊருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதினேன். அம்மனிடம் உங்களுக்கு வருகிற மாதிரி சொல்லுங்கள். உடைந்த வார்த்தையும் அவளுக்குப் புரியும். ஒரு வெள்ளிக்கிழமை மன்றத்துக்கு வாருங்கள். வந்து எங்களோடு உட்காருங்கள். முதலில் உதட்டை மட்டும் அசைத்தாலும் போதும். அப்புறம் ஒருநாள் பேசத் தோன்றினால் பேசுங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. யாரும் உங்களுக்காகச் சொல்லி முடிக்க மாட்டோம்.