சித்திக்கு வேண்டியது மூன்று கை

என் சித்தி டிவி பார்க்கும்போதுகூட பிரேக் போடுவாள். கதையில் யாராவது கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தால் போதும், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவளுடைய கால் தரையை ஒரு மிதி மிதிக்கும். டிரைவிங் ஸ்கூல் காரின் பக்கத்து சீட்டில் பழகிய கால் அது. கற்றுக்கொடுப்பவர் உட்காரும் அந்த சீட்டுக்கும் தனியாக ஒரு பிரேக் உண்டு, ஸ்டீயரிங் கிடையாது. ‘பாதி டிரைவர்’ என்று நான் கூப்பிட்டால், மீதிப் பாதிகள் முழு உடம்போடு வீடு போய்ச் சேருவதே தன்னால்தான் என்பாள்.

வேலையில் அவளுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஓட்ட வராத ஆளை லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு அனுப்ப மாட்டாள். ஆள் கெஞ்சினாலும் சரி, ஓனர் குதித்தாலும் சரி. ஒரு தடவை தோற்றுப்போய்த் திரும்பியவர்கள் அப்புறம் சாவியையே தொடுவதில்லை, அதைப் பார்க்கத் தனக்குத் தெம்பில்லை என்று காரணம் சொல்வாள்.

சித்தி அம்மாவின் தங்கை. பி.எஸ்ஸி கணக்கில் முதலாவதாக வந்தவள். எம்.எஸ்ஸிக்கு விண்ணப்பம் வாங்கிய வாரத்தில்தான் என் அப்பா வேலை தேடி வெளியூர் போனார். போனவர் போனவர்தான். அம்மா தையல் மிஷினைப் பிடித்தாள், சித்தி ஸ்டீயரிங்கைப் பிடித்தாள், நான் பால் பாட்டிலைப் பிடித்தேன். அப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடியது. நான் பத்தாவதோடு நின்று செல்போன் ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். கணக்கில் நான் வாங்கிய மார்க்கை இங்கே எழுதினால் சித்திக்கு அசிங்கம், விட்டுவிடுகிறேன்.

நான் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகுதான் அவள் ஓனரிடம் போய் நின்றாள். சாயங்கால வகுப்பில் எம்.எஸ்ஸி சேரப்போவதாகவும், மாலையில் கற்றுக்கொள்ள வருகிறவர்களை வேறு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னாள். மாலையில்தான் கூட்டம் வரும். ஓனர் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, ரெண்டே வருஷம், அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது என்று ஒப்புக்கொண்டார்.

அம்மாதான் விடவில்லை. “முப்பத்தஞ்சு வயசுல எம்.எஸ்ஸி படிச்சு யாருக்குடி காட்டப் போற?”

“யாருக்கும் காட்டுறதுக்கு இல்லக்கா. எனக்குப் பாக்கணும்” என்றாள் சித்தி.

முதல் நாள் கல்லூரிக்குக் கிளம்பும்போது, காரில் மாட்டும் எல் போர்டைக் கழற்றி அவள் பையின் முதுகில் ஒட்டிவிட்டேன். சிவப்பு எழுத்தோடு பஸ் ஏறி, கல்லூரி வாசல் கடந்து, வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கிறாள். பின்பெஞ்சிலிருந்த ஒரு தாடிக்காரன் பிரித்துக் கையில் கொடுத்த பிறகுதான் தெரிந்ததாம். திரும்பி வந்து என் காதைத் திருகிவிட்டு, அதனால்தான் எல்லாரும் தன்னிடம் வந்து பேசினார்கள் என்றும் சொன்னாள்.

எல்லாரும் என்றால் ஐந்து பேர். சித்தி, தாடி, ஒரே வங்கியில் வேலை பார்க்கும் இரண்டு பேர், ஒரு ஸ்கூல் டீச்சர். வங்கிக்காரர்களில் ஒருத்தர் போகிற இடத்துக்கெல்லாம் மற்றவரும் போவார். அசல், வட்டி என்று நான்தான் பெயர் வைத்தேன், வகுப்பே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. டீச்சர் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர். எம்.எஸ்ஸி முடித்தால் பெரிய வகுப்புகள் கிடைக்கும். அவர் சித்தியிடம் கார் ஓட்டவும் பழகிக்கொண்டிருந்தார்.

வகுப்பறையில் பாதிக் கரும்பலகையில் சாக்பீஸ் பிடிக்காது. துறைத் தலைவரான ஹெச்.ஓ.டி. அம்மாள் உலகத்துக் கணக்கையெல்லாம் மீதிப் பாதியில் எழுதி, முழங்கையாலேயே அழித்து, மறுபடி எழுதுவார். ஒருநாள் அந்தப் பாதியில் ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றி ஒரு வளையம் போட்டார். புள்ளியைத் தாண்டாமல் இந்த வளையத்தைச் சுருக்கிச் சுருக்கி ஒன்றுமில்லாமல் ஆக்க முடியாது, ஏன் என்பது இரண்டாம் வருஷம் டோபாலஜி பாடத்தில் வரும், இப்போதைக்கு நம்பிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். நான்கு பேர் நம்பிக்கொண்டார்கள். சித்தி அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து நான் அவள் ஸ்கூல் காரின் பின்சீட்டில்தான் வீடு போவேன். அடுத்த நாள் ரவுண்டானாவைக் கடக்கும்போது, நடுவிலிருந்த விளக்குக் கம்பத்தைக் காட்டி எனக்குப் பாடம் எடுத்தாள். அந்தக் கம்பத்தைச் சுற்றி ஒரு ரப்பர் கயிற்றை வளையமாகப் போட்டால், அறுக்காமல், தரையை விட்டுத் தூக்காமல் உருவி எடுக்க முடியுமா என்றாள்.

“கம்பம் தடுக்குதே சித்தி. எப்படி வரும்?”

“தடுக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? எல்லா வழியிலயும் இழுத்துப் பாத்தியா?”

“எல்லா வழியிலயும் எவன் இழுப்பான்?”

“அதான்டா. இழுக்க எத்தனையோ வழி இருக்கு, எண்ணி முடியாது. ஒண்ணுலகூட வராதுன்னு ஒருத்தர் உக்காந்து யோசிச்சு முடிச்சிருக்காங்க. அது எப்படின்னு பாக்கணும்.”

மறுநாள் அவள் படித்துக்கொண்டிருக்கும்போது கொடிக்கயிற்றால் அவள் கணுக்காலையும் மேஜைக் காலையும் சேர்த்துக் கட்டிவிட்டு, இப்போது உருவுங்கள் பார்ப்போம் என்றேன். திட்டுவாள் என்று ஓடத் தயாராக நின்றேன். அவள் கயிற்றைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தாள். குழம்பு அடிப்பிடித்து அம்மா வந்து கத்தியபோது இரண்டு பேருக்கும் சேர்த்து விழுந்தது.

நூலகத்திலிருந்து டோபாலஜி புத்தகம் எடுத்து வந்தும் படித்துப் பார்த்தாள். சில பக்கங்கள் போகும். பிறகு ஏதோ ஒரு வரியில் ‘எளிதில் காணலாம்’ என்று எழுதியிருப்பார்கள். “எனக்கு எளிதில காண முடியலையே, இந்த ஆளை எங்க போய்க் கேக்கறது?” என்று புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்ப்பாள், அங்கே விலாசம் போட்டிருக்கிற மாதிரி. யாராவது எதிரில் நின்று எழுத வேண்டும், இடையில் அவள் கையைத் தூக்கி நிறுத்த வேண்டும். அவளுக்கு அந்த அறைதான் வேண்டியிருந்தது. ஒரு வருஷம் காத்திருந்தாள்.

இரண்டாம் வருஷத்தில்தான் சிக்கல். விருப்பப் பாடம் ஒன்றே ஒன்றுதான் நடக்கும். டோபாலஜி, இல்லையென்றால் ஓ.ஆர். எனப்படும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச். எந்த லாரியை எந்தக் குடோனுக்கு அனுப்பினால் செலவு குறையும் என்கிற மாதிரியான கணக்கெல்லாம் ஓ.ஆரில் வரும். ஹெச்.ஓ.டி. வகுப்பில் கை தூக்கச் சொல்வார், எதற்கு மூன்று கையோ அதுதான் எல்லாருக்கும். அசலும் வட்டியும் ஓ.ஆர். என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். உருப்படியாக எதற்கும் உதவாததுதான் தனக்கு வேண்டும் என்று தாடி டோபாலஜி பக்கம் வந்தான். மிச்சம் டீச்சர்.

சித்திக்கு ஓட்டுக் கேட்கத் தெரியாது. பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கவே என்னைத்தான் அனுப்புவாள். ஆகவே தாடி களத்தில் இறங்கினான். அவன் டீச்சரிடம் என்ன சொன்னான் என்று தெரியாது, மறுநாளே டீச்சர் தன் கை டோபாலஜிக்குத்தான் என்று சித்தியிடம் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்த சித்தியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினாள். அம்மாவின் தையல் மிஷினில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே என் சட்டைக்குப் பட்டன் தைத்தாள். கோணலாகத்தான் தைத்தாள்.

கை தூக்குவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் வண்டி ஓட்டினார். சித்தி பக்கத்தில், நான் பின்சீட்டில். ரவுண்டானாவில் நுழைந்ததும் டீச்சர் தோள் இரண்டும் காது வரை ஏறிவிட்டது.

“மாஸ்டர், டோபாலஜில நம்பரே வராதாமே? படம் மட்டும் வரைஞ்சா போதும்னு தாடி சொன்னாரு” என்றார். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் சித்தியை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

எனக்குப் பின்சீட்டில் சிரிப்பு வந்துவிட்டது. தாடியை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். சித்தி சிரிக்கவில்லை.

“படம் இல்லீங்க. எல்லாம் நிரூபணம்தான். போன வருஷம் அனாலிசிஸ் இருந்துச்சுல்ல, அந்த மாதிரி. அதைவிடக் கொஞ்சம் கூட.”

டீச்சர் வெளியே திரும்ப வேண்டிய சாலையை விட்டுவிட்டார். கார் இரண்டாவது சுற்றுப் போனது. அனாலிசிஸில் அவர் ஒரு தடவை விழுந்து, மறுபடி எழுதி, விளிம்பில் தேறியவர் என்று எனக்கே தெரியும்.

“நீங்க ஓ.ஆருக்கே தூக்குங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்” என்றாள் சித்தி.

“அது எப்படிங்க. சொல்லிட்டேன், தூக்குறேன். நீங்க இந்த ஒரு பாடத்துக்காகத்தானே வர்றீங்க? எனக்குத் தெரியாதா?” கண்ணாடியைப் பார்க்காமல் நேராகப் பார்த்தபடியே பேசினார். “நீங்க எங்க திருப்பச் சொன்னாலும் நான் திருப்புவேன் மாஸ்டர்.”

“இப்ப இங்க திருப்புங்க” என்றாள் சித்தி. டீச்சர் திருப்பினார். பின்னால் ஹாரன் அடித்தவனுக்கு நான் கையாட்டி நன்றி சொன்னேன்.

மறுநாள் சித்தியோடு சேர்ந்து வீடு திரும்பலாம் என்று கல்லூரிக்கே போய், வகுப்பு வாசலுக்கு வெளியே நின்றேன். உண்மையில் ஜெயிப்பதைப் பார்க்கத்தான் போனேன். உள்ளே ஹெச்.ஓ.டி. டோபாலஜிக்கு யார் யார் என்று கேட்டார். தாடியின் கை கூரையைத் தொடப் போனது. டீச்சரின் கை மெதுவாகக் கிளம்பி, தோடு வரைக்கும் வந்து நின்றது. ஹெச்.ஓ.டி. சித்தியைப் பார்த்தார். ஒரு வருஷமாக அந்த வளையத்தைக் கேட்டு அவரைத் துளைத்தவள் இவள்தான்.

சித்தியின் இரண்டு கையும் பெஞ்சின் மேல் இருந்தன.

“அப்ப ஓ.ஆருக்கு?”

அசல் தூக்கினார். வட்டி தூக்கினார். சித்தி தூக்கினாள்.

“நீங்களா?” என்றார் ஹெச்.ஓ.டி.

“ஆமா மேடம். வேலைக்கு உதவும்.”

டிரைவிங் ஸ்கூலில் ஒரே ஒரு கார். அதை எந்தக் குடோனுக்கு அனுப்புவது என்று யாரும் கேட்கவில்லை. தாடி வாயை மூட மறந்திருந்தான். டீச்சருடைய கை இன்னும் காதருகிலேயே நின்றுகொண்டிருந்தது. அவரே கவனித்து இறக்கியபோது அவர் தோளும் சேர்ந்து இறங்கியதை வாசலிலிருந்தே பார்த்தேன்.

வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். கைக்கு எட்டிய சோற்றை யாராவது தட்டிவிடுவார்களா என்றேன். இன்னும் கொஞ்சம் பெரிய வார்த்தைகளும் சொன்னேன்.

பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றதும், “அவங்க கண்டிப்பா ஃபெயில் ஆவாங்கடா” என்றாள். “தெரிஞ்சே எப்படி அனுப்புறது?”

“நீங்க?”

“நான் என்ன, பாஸ் ஆகிடுவேன்” என்று, நான் கேட்டதை வேண்டுமென்றே தப்பாக எடுத்துக்கொண்டு பதில் சொன்னாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஓ.ஆரில் சித்திதான் முதல் மார்க். டீச்சர் நல்லபடியாகத் தேறி, ஒன்பதாம் வகுப்புக்குப் போய், லைசென்ஸும் வாங்கி, தன் காரிலேயே எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றதற்கு, சித்தி ஆணி அடித்தால் சுவர் பெயரும் என்று சொல்லித் துணி அலமாரியில் வைத்துவிட்டாள். ரெண்டு வருஷம் முடிந்தது. ஓனர் மாலைக் கூட்டத்தை மறுபடி அவளிடமே கொடுத்தார்.

அடுத்த வருஷம் தாடி கடைக்கு வந்து ஒரு செய்தி சொன்னான். அவர்களுக்கு அடுத்த வருஷம் சேர்ந்தவர்களில் ஒருத்தரைத் தவிர எல்லாரும் டோபாலஜிக்குக் கை தூக்கிவிட்டார்களாம். சித்தி வந்து சும்மா உட்கார்ந்து கேட்கலாம் என்று ஹெச்.ஓ.டியே சொல்லி அனுப்பியிருந்தார். அதைச் சித்தியிடம் சொன்னேன். அந்த நேரத்துக்கு அவளுக்கு வரிசையாக ஆட்கள் இருந்தார்கள். ஓனரிடம் கேட்டுப் பார்க்கட்டுமா என்றதற்கு, கேட்டாச்சு என்றாள்.

அப்புறம்தான் எங்கள் டிரைவிங் ஸ்கூல் ஒரு விஷயத்துக்குப் பேர்போனது. சித்தியிடம் பழகியவர்கள் எல்லாரும் ரிவர்ஸ் பார்க்கிங்கில் சூரர்கள். மற்ற பள்ளிகளில் ஊரெல்லாம் சுற்றிக் காட்டுகிறார்களே, இங்கே மட்டும் ஏன் தினமும் ஒரே சுவரோரமாக வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்கிறார்கள் என்று ஒரு ஆள் ஓனரிடம் புகார்கூடச் செய்தார். ரிவர்ஸ் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று சித்தி சொல்லியிருக்கிறாள். அந்தச் சுவர் கல்லூரிச் சுவர். அதன் மேல் இருக்கும் ஜன்னல் எந்த வகுப்பின் ஜன்னல் என்று எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் ஒரு கடைக்காரர் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பின்சீட்டில். சித்தி தன் பக்கத்துக் கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டிருந்தாள். வகுப்பில் விளக்கு போட்டிருந்தார்கள். இங்கிருந்து கூரையும் மின்விசிறியும்தான் தெரியும், கரும்பலகை தெரியாது. ஹெச்.ஓ.டியின் குரல் நன்றாகக் கேட்டது. வளையம், புள்ளி என்று காதில் விழுந்ததும் சித்தி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

“இதோ இந்த இடத்துலேருந்து கிளம்பி, இப்படியே வந்து, இங்க சேருது. இப்ப இதைப் பாருங்க” என்றது குரல். சாக்பீஸ் தட்டும் சத்தம் கேட்டது. “இதனால அது சுருங்க முடியாது.”

சித்தியின் விரல் தொடை மேல் எதையோ வரைந்தது, நின்றது, மறுபடி முதலிலிருந்து வரைந்தது. எங்கே கிளம்பி எங்கே சேர்ந்தது என்பது பலகையில் மட்டும்தான் இருந்தது.

“யாருக்காவது சந்தேகம் இருக்கா?”

உள்ளே ஒருத்தரும் பேசவில்லை.

“இருக்கு மேடம்” என்றாள் சித்தி. பக்கத்து சீட்டுக்காரருக்குக் கேட்கிற அளவு குரல்தான் வந்தது.

கடைக்காரர் பதறி வண்டியை நிறுத்தினார். “என்ன மாஸ்டர், ஏதும் தப்பாப் பண்ணிட்டேனா?”

“இல்லீங்க, சரியாத்தான் வந்தீங்க” என்றாள். “இன்னொரு தடவை ரிவர்ஸ் எடுங்க. மெதுவா.”