லூர்து அக்கா பார்த்த கடைசி வரன்

ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லூர்துமேரி அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் மீசைக்கு டை அடித்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் முடித்து வலது பக்கத்துக்குப் பிரஷ்ஷை எடுத்த நேரத்தில் அக்காவின் மகன் சேவியர் திருப்பூரிலிருந்து போன் செய்தான். "மாமா, அம்மா போயிட்டாங்க. நான் பஸ் ஏறிட்டேன். நீங்க கொஞ்சம் அங்கிட்டுப் போய் நில்லுங்க" என்றான். நான் அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். துக்க வீட்டில் ஜெபப் பாட்டுக்கு நடுவே பெண்கள் பக்கத்தில் ஏன் ஒரு சிரிப்புச் சலசலப்பு எழுந்து அடங்கியது என்பது, வீட்டுக்குத் திரும்பிக் கண்ணாடி பார்த்த பிறகுதான் விளங்கியது. அக்கா எழுந்து உட்கார முடிந்திருந்தால் கேட்டிருப்பார்: "என்னா தம்பி, பாதி மாப்பிள்ளையா வந்து நிக்கிறே?"

திருமயத்தில் அக்காவைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்துகொண்டு, சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்குக் கல்யாணம் முடித்து வைத்த தரகர். எனக்கும் அவர்தான். என் மாமனாரிடம், "பையன் ரொம்ப அமைதி, வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசமாட்டான்" என்று சொல்லியிருக்கிறார். கல்யாணம் முடிந்து திருமயத்திலிருந்து புதுக்கோட்டை வரை என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த மாமனார், பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு அடுத்த பஸ் ஏறித் திருமயம் திரும்பி, அக்காவைத் தேடிப் போய்ச் சண்டை போட்டார். அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "நான் பாத்த அன்னைக்குத் தம்பிக்குப் பல்வலிங்க. பேசலை. நான் பாத்ததைத்தானே சொல்ல முடியும்?"

இப்படி மனிதர்கள் விஷயத்தில் கூசாமல் புளுகிய அக்கா, நாய்கள் விஷயத்தில் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பிற்காலத்தில் கேட்பாரற்ற நாய்களுக்கு வீடு பார்ப்பதையும் அவர் தன் தொழிலோடு சேர்த்துக்கொண்டார். முறையும் அதே முறைதான். டீக்கடையில் விசாரிப்பார், பால்காரரிடம் விசாரிப்பார், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் போய் வீட்டைப் பார்ப்பார். ஆனால் குறையைத்தான் முதலில் சொல்லுவார். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று ஒருநாள் கேட்டேன். "மனுசப் பொண்ணுன்னா கோவிச்சுக்கிட்டு ஆத்தா வீட்டுக்கு வந்துரும். இது எங்க போகும்?" என்றார்.

செவலை என்ற பெட்டை நாய் அவர் கைக்கு வந்தது ஒரு வரனை விசாரிக்கப் போன இடத்தில். திருமயத்துக்குத் தெற்கே ஒரு பெரிய வீடு. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் குடும்ப விசேஷத்துக்கு வந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். காவலுக்கு இருந்தவரும் எப்போதோ வேலையை விட்டுவிட்டார். பின்கட்டில் ஏதோ முனகுகிறதே என்று அக்கா சுற்றிப் போய்ப் பார்த்திருக்கிறார். கம்பிக் கதவில் கட்டிப்போட்ட நாய். எலும்பு எண்ணலாம் போலக் கிடந்திருக்கிறது. கழுத்துக் கயிறு சதைக்குள் இறங்கியிருந்தது. பின்பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு மேலே வீசிய பழைய சோறும் மழைத்தண்ணீரும்தான் அதை உயிரோடு வைத்திருந்தன. அக்கா எப்படியோ நம்பர் வாங்கிச் சொந்தக்காரருக்குப் பேசினார். அவர் கேட்டாராம்: "அது இன்னுமா இருக்கு?"

அந்த ஒரு கேள்வியைச் சொல்லிக் காட்டும்போதெல்லாம் அக்காவுக்குக் குரல் மாறிவிடும். புண் ஆறும்வரை தன் வீட்டில் வைத்துக்கொண்டார். அதற்குமேல் வைத்திருக்க வாடகை வீட்டின் சொந்தக்காரர் சம்மதிக்காததால், வேறு இடம் கிடைக்கும்வரை என்று தவணை சொல்லி வந்தார். அக்காவுக்கே உடம்பு சரியில்லை என்பதும், தான் போவதற்குள் செவலையை ஒரு நல்ல இடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று தவித்தார் என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது எங்களிடம் சொன்னதெல்லாம், "என் பொண்ணுக்கு ஒரு எடம் பாரு தம்பி" என்பது மட்டும்தான்.

அரிமளத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் நாய் கேட்கிறார் என்று தெரிந்து, என் பைக்கில் அக்காவை ஏற்றிக்கொண்டு போனேன். நல்ல வெயில். வாசலில் ஆணியில் ஒரு புதுச் சங்கிலி தொங்கியது.

"இது எதுக்குங்க?"

"நாய்க்குத்தாம்மா. பகல்ல கட்டிருவோம்."

"எம்புட்டு நேரம்?"

"பகல் பூராத்தான். வேறென்ன வேலை அதுக்கு?"

அதிகாரியின் மனைவி காபி கொண்டுவந்தார். டிகாஷன் வாசம் என்னைக் கூப்பிட்டது. அக்கா, "இப்பத்தாங்க குடிச்சோம்" என்று என்னையும் சேர்த்து எழுப்பிவிட்டார். ஊர் எல்லையில் டீக்கடையைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்லி ஆசை தீரக் குடித்தார். நான் புலம்பினேன். "சம்பந்தம் பேசி முடிக்காத வீட்டுல கை நனைக்கலாமா?" என்றார். "நனைச்சுட்டா அப்பறம் வேணாம்னு சொல்ல நாக்கு வராது தம்பி."

கோட்டைப்பட்டினத்தில் ஒரு படகுக்காரர் வீட்டுக்கும் போனோம். நல்ல மனிதர்கள். அக்கா வழக்கம்போல ஆரம்பித்தார்: "இடி இடிச்சா நடுவீட்டுல ஒண்ணுக்குப் போயிரும். கழுத்துப் பக்கம் கை கொண்டுபோனா கடிக்க வரும்." அந்த வீட்டம்மா யோசித்துவிட்டு, "கைப்பிள்ளை தவழ்ற வீடும்மா. கழுத்தைப் பிடிச்சுத் தொங்குவானே" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா அந்த அம்மாளைப் புகழ்ந்துகொண்டே வந்தார். "ஏமாத்தாம சொன்னாங்க பாரு."

அதற்குப் பிறகு அக்கா எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வர ஆரம்பித்தார். வருவார், கொல்லைப் பக்கம் நடப்பார், தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பார். "இந்த வேப்பமர நிழல் மதியத்துல எங்கிட்டு விழும்?" என்பார். "வெளியூர் போனா வீட்டை யாருகிட்ட விட்டுட்டுப் போவீங்க?" என்பார். என் மனைவி கலா காபி கொடுத்தால், "வேணாம்த்தா, சர்க்கரை கூடிருச்சு" என்பார்.

எனக்குத்தான் மூளை அதிகமாயிற்றே. தரகர் ஒருவர் வீட்டை இப்படிச் சுற்றிப் பார்த்தால் என்ன அர்த்தம்? காலேஜில் படிக்கும் என் மகனுக்கு எங்கோ பெரிய இடத்தில் பெண் வைத்திருக்கிறார், அவர்கள் சார்பில் நோட்டம் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். கேட்டுக்குப் பெயின்ட் அடித்தேன். அக்கா வரும் நேரம் பார்த்து வேட்டியை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். "பையனுக்கு அரியர் ஒண்ணும் இல்லக்கா" என்று சம்பந்தமில்லாமல் சொன்னேன். அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

கடைசியாக வந்த அன்று வாசலில் நின்றுகொண்டு கேட்டார்: "ஏன் தம்பி, ஒங்க வீட்டுல நாய் கீய் வளத்ததுண்டா?"

பெண் வீட்டார் சுத்தபத்தமான இடம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "நாயா? எங்க வாசப்படியவே மிதிக்க விடமாட்டோம்க்கா. அம்புட்டுச் சுத்தம்."

அக்கா செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டார். "அப்படியா தம்பி" என்றார். "சுத்தம் நல்லதுதான்." கலா கொண்டுவந்த தம்ளரை வாங்காமலே படியிறங்கிப் போனார். நான் அன்று சாயந்திரம் கடைத்தெருவில், கலாவின் காபிக்குப் பயந்து லூர்து அக்கா ஓடியே போய்விட்டார் என்று சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்தேன்.

அதன் பிறகு அவர் வெளியே நடமாடவில்லை. பார்க்கப் போக வேண்டும், போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் போனது, அந்தப் பாதி மீசையோடுதான்.

அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, வாடகைக்கு எடுத்த நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான் சேவியர். அக்காவின் கட்டிலுக்கு அடியில் செவலை கிடந்தது. "இதை என்ன மாமா செய்யறது? திருப்பூருக்கும் கூட்டிட்டுப் போக முடியாது" என்றான். நான் உபகாரம் செய்கிற தோரணையில், "நல்ல எடமா விசாரிப்போம்பா" என்றேன்.

"அம்மா ஒங்க வீட்டைத்தான் மனசுல வச்சிருந்தாங்க" என்றான் சேவியர். "நெழல் இருக்கு, கலா அத்தை பசி அறிஞ்சு சோறு போடுவாங்க, மாமாவும் பேசிக்கிட்டே இருப்பாரு, அதுக்குப் பயம் தெளியும்னு சொன்னாங்க. பொண்ணு வீட்டுக்காரங்களா வாய்விட்டுக் கேக்கக் கூடாது, அவங்களே கேக்கட்டும்னுதான் நடையா நடந்தாங்க. அப்பறம் ஒருநாள் போன்ல, அவுக சுத்தக்காரவுகடா, சரிப்படாதுன்னுட்டாங்க."

கலா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத எனக்குத் திராணி இல்லை. "இப்பத் தெரியுதா, அவங்க ஏன் நம்ம வீட்டுல கை நனைக்கலைன்னு?" என்று மட்டும் கேட்டாள். பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து, கழுத்துப் பக்கம் கை கொண்டுபோகாமல், "வா தாயி" என்று கூப்பிட்டாள். செவலை வந்தது.

அக்காவை அறிந்த உங்களில் பலருக்கு அவர் முடித்து வைத்த கல்யாணம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கும் இருக்கிறது. ஆனால் நான் அவரிடமிருந்து வைத்துக்கொள்வது அதையல்ல. வாசலில் நின்று அவர் சொன்ன அந்த "அப்படியா தம்பி"யைத்தான் வைத்துக்கொள்கிறேன். இப்போதெல்லாம் பெருமையாக எதையாவது சொல்ல வாயைத் திறந்தால் அது காதில் விழுகிறது, கொஞ்சம் நிறுத்துகிறேன். என் மாமனார் உயிரோடு இருந்தால், பையன் ரொம்ப அமைதி என்று அக்கா சொன்னது பொய்யில்லை என்று ஒத்துக்கொள்வார். செவலையும் எங்களோடு இருக்கிறது. அக்கா பார்த்த கடைசி வரன் கூடிவிட்டது என்றே ஊரில் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

உண்மையில் செவலைக்குச் சாப்பாடு மட்டும்தான் எங்கள் வீட்டில். மற்ற நேரமெல்லாம் அது எதிர்ச்சாரியில் பஞ்சர் ஒட்டும் ரபீக் பாயின் லோடு ஆட்டோவுக்கு அடியில் கிடக்கிறது. அவரைக் கண்டால் வாலாட்டுகிறது.