நேர்த்தி இல்லாத நெருப்பு

வியாழக்கிழமை, காலை ஆறரை மணி. கல்லடியில் கல்முனை பஸ்ஸைப் பிடித்தபோது எனக்கிருந்த ஒரே கவலை யன்னலோர இருக்கை. அதைப் பிடித்தும்விட்டேன். பக்கத்தில் பிலோமினா அக்கா, மடியில் ஒரு துணிப்பை. நான் தங்கியிருந்த வீட்டுக்காரி அவர். பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைப்பவர், சுனாமியில் கணவரைப் பறிகொடுத்தவர், ஞாயிறு தவறாத கத்தோலிக்கர். அப்பேர்ப்பட்டவர் வாவிக்கு அக்கரையில், படுவான்கரை அம்மன் கோயில் ஒன்றில் தீ மிதிக்கப் புறப்பட்டிருந்தார். யுத்தம் முடிந்து ஒரு வருடம். அந்தப் பக்கம் இப்போதுதான் பயமில்லாமல் போய்வரலாம் என்றார்கள்.

நான் சுன்னாகத்துக்காரி. எங்கள் ஊரில் சைவம் என்றால் நேரத்துக்கு மணி, வரிசைக்குத் தேவாரம். கிறிஸ்தவ வேதக்காரப் பெண் தீ மிதிப்பதாவது! வேடிக்கை பார்க்கும் ஆசையில்தான் ஒட்டிக்கொண்டேன், அதில் என்ன மறைப்பு.

களுவாஞ்சிக்குடி வரை ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். அங்கிருந்து ஓட்டோவுக்கு முந்நூறு கேட்டான், இருநூற்றைம்பதுக்கு இறக்கினேன். பட்டிருப்புப் பாலத்தில் இராணுவச் சோதனை. அக்காவின் பையைத் திறந்த சிப்பாய், மஞ்சள் சேலையையும் அதன் மேல் கிடந்த செபமாலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தான்.

பாலம் தாண்டிப் பழுகாமத்துப் பக்கம் போகையில் இரு புறமும் வயல் வட்டைகள். அங்கேதான் அக்கா விஷயத்தைச் சொன்னார். முந்தின வாரம் பங்குச் சுவாமியாரிடம் போய், இப்படிச் செய்யப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் நல்ல மனிதர். கோபித்துவிட்டு ஒரு வழியும் காட்டியிருக்கிறார். கடல் வந்த அன்று பயத்தில் வாய்தவறி வைத்த நேர்த்திக்கடன் என்றால் போய் முடித்துவிட்டு வா, வந்து, செய்ததற்கு மனம் நொந்து மனஸ்தாபப்பட்டுப் பாவசங்கீர்த்தனம் செய், மன்னிப்புத் தருகிறேன். அது இல்லாமல் நற்கருணை வாங்க வராதே என்றாராம்.

“நேர்த்திதானே அக்கா, பிறகென்ன?” என்றேன். அவர் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயிலில் காலை பத்து மணிக்குக் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் நூலைக் கையில் கட்டியவர்கள் தீ மிதிக்கும்வரை கோயில் வளவிலேயே தங்கி விரதம் இருக்கவேண்டும். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் ஒவ்வொருவரிடமும் என்ன நேர்த்தி என்று கேட்டார். ஒருத்திக்குப் பிள்ளை வரம். ஒரு தகப்பனுக்குத் தடுப்பு முகாமிலிருந்து மகன் வரவேண்டும். அக்காவின் முறை வந்ததும் வண்ணக்கர் இரக்கப்பட்டுத் தானே பதிலையும் எடுத்துக் கொடுத்தார்.

“சுனாமி நேர்த்தியாக்கும்?”

தலையை ஆட்டினால் போதும். இங்கேயும் சரி, சுவாமியாரிடமும் சரி.

“இல்ல ஐயா. நேர்த்தி ஒண்டுமில்ல, ஆசை. பத்து வயசில அப்பாவோட நெல்லு வாங்க வந்து, இந்த வேலிக்கு அங்கால நிண்டு பாத்தன். அண்டையில இருந்து ஆசை. கடல் வந்த அண்டைக்கு நான் ஒருத்தரையும் கூப்பிடல்ல. அதுக்கு நேரம் இருக்கல்ல.”

அடி விசர் மனுசி என்று மனதுக்குள் திட்டினேன். கூட்டம் முணுமுணுத்தது. நேர்த்தி இல்லாமல் காப்புக் கட்டின வழக்கம் இங்கே இல்லை என்றார் வண்ணக்கர். உள்ளே விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த பூசாரியார் திரும்பாமலே சொன்னார்:

“கேக்கிறதுக்கு ஒண்டுமில்லாம வந்தவள அம்மாள் ஏன் தள்ளப்போறா? கட்டுங்க.”

வண்ணக்கர் கட்டினார், அரை மனதோடுதான். கடைசி ஆளாகத்தான் இறங்கவேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டார்.

சனி பின்னேரம் ஐந்து மணி. குழியில் தணல் பரப்பி முடிந்தது. வேலியில் நின்ற எனக்கே முகம் எரிந்தது. அக்கா செபமாலையை என்னிடம் தந்துவிட்டுப் போய் வரிசையின் கடைசியில் நின்றார். சுன்னாகத்துச் சைவக்காரி செபமாலையும் கையுமாக நின்ற கோலத்தை எங்கள் ஊரில் யாராவது பார்த்திருக்கவேண்டும்! ஒரு செபமும் தெரியாமல் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தேன். அக்கா ஓடவில்லை. நாற்பத்தெட்டு வயதுப் பெண், சந்தைக்குப் போகிற நடையில் நடந்து கரையேறினார். முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏனென்று கேட்காதீர்கள்.

வலது குதிகாலில் ஒரு கொப்புளம். நேர்த்தி இல்லாதவளை அம்மாள் சுட்டுவிட்டாள் என்று பக்கத்தில் ஒருத்தி சொன்னாள்.

“நெருப்பெண்டா சுடாதா கா?” என்றார் அக்கா.

ஞாயிறு காலை, அக்காவின் தேவாலயத்தில் ஏழு மணிப் பூசை. நொண்டி நொண்டி வந்து எப்போதும் போல முன்னாலிருந்து இரண்டாவது வாங்குப் பலகையில் இருந்தார். நானும் கூட இருந்தேன். வரும் வழியெல்லாம் கெஞ்சியிருந்தேன்: சுவாமியாரிடம் ஒரு வார்த்தை, மனம் நோகிறது என்று சொன்னால் முடிந்தது. மனம் நோகவில்லையே, நோகாததை நோகிறது என்று சொன்னால் அதுதான் பாவம் என்றுவிட்டார்.

நற்கருணைக்கு வாங்கு முழுதும் எழுந்தது. அக்கா எழவில்லை. முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார். தாண்டிப் போனவர்கள் கொப்புளத்தைப் பார்த்தார்கள், பிறகு முகத்தைப் பார்த்தார்கள். அவருடைய கண்கள் பீடத்தை விட்டு அகலவில்லை. பசித்த பிள்ளை சோற்றுப்பானையைப் பார்க்கிற பார்வை. வலிக்கிறதா என்று மெல்லக் கேட்டேன். ஓம், ஆனால் காலில் இல்லை என்றார். எங்கள் ஊர்க் கோயிலில் நான் நின்றதெல்லாம் பரீட்சைக்கும் இடமாற்றத்துக்கும்தான். ஆசைக்காக ஒருநாளும் நின்றதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று ஊருக்குப் புறப்படவிருந்த எனக்கு யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. வாசலில் சுவாமியார் அக்காவை மறித்தார்.

“மனஸ்தாபம் வந்ததா பிலோமினா?”

“இன்னும் இல்ல சுவாமி. வந்தா முதல்ல உங்களிட்டத்தான் வருவன்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் வாங்கில இருப்பன். நான் எங்க போறது சுவாமி, இது என்ட கோயில்.”