அம்மாளையும் ஏத்துங்கோ

வாசல் படலையில் வேப்பிலை செருகியிருந்தால் அக்கராயனில் அந்த வீட்டடியில் யாரும் சைக்கிளைக்கூட மெதுவாக்குவதில்லை. மீனம்மா இறங்குவாள். செருப்பைப் படலையடியில் கழற்றிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கூப்பிடாமலே உள்ளே போவாள். நோயாளியிடம் அல்ல, முதலில் குசினிக்கு. அங்கே எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருந்தால் வீட்டுக்காரிக்கு நல்ல பேச்சு விழும்.

"வீட்டில அம்மாள் வந்து நிக்கிறா, இங்க ஒருத்தி மிளகாய் பொரிக்கிறா! இறக்கடி சட்டியை."

அம்மாள் என்று ஊர் சொல்வது பொக்குளிப்பான் என்கிற அம்மை நோயை. நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்ல எல்லோருக்கும் பயம். மீனம்மாவுக்கு அந்தப் பயம் கிடையாது. கலியாணம் கட்டிப் பிள்ளை பெற்ற பிறகு அவளுக்கே வந்தது. நெஞ்சுவரைக்கும் இறங்கி, ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்து மீண்டு வந்தவள். மூக்கு நுனியிலும் கன்னத்திலும் குழிகள். "அம்மாள் வந்து கையெழுத்துப் போட்டிட்டுப் போட்டா. இனி ஏன் எனக்குப் பயம்?" என்பாள்.

தொழில், முறிகண்டியில் பஸ் நிற்கும் இடத்தில் கச்சான் கடலை வறுத்து விற்பது. சூடான மணலில் கச்சானைக் கிண்டும்போது சட்டியைப் பார்க்கவே மாட்டாள். பஸ்ஸில் இருந்து இறங்குகிறவர்களோடு வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டிருப்பாள். வாசம் மாறியதும் கை தானாக நின்றுவிடும். அவளுடைய இடம் வெறுமையாகக் கிடந்தால் எங்கோ ஒரு வீட்டில் வேப்பிலை கட்டியிருக்கிறார்கள் என்று பக்கத்துக் கடைக்காரிகள் சொல்லிவிடுவார்கள்.

நோய்ப்படுக்கைக்குப் பக்கத்தில் ஆறுதல் வார்த்தை அவளிடம் கிடைக்காது. வேப்பங்கொத்தால் கடி எடுக்கும் இடத்தைத் தடவிக்கொண்டே, "சொறிஞ்சியோ, கையை முறிப்பன்" என்பாள். நகத்தை ஒட்ட வெட்டுவாள். இளநீரையும் கஞ்சியையும் மிரட்டித்தான் குடிக்க வைப்பாள். பிள்ளைகள் என்றால் அதோடு சரி. வளர்ந்தவர்கள் என்றால் அவள் கண் ஓரிடத்தில் நிற்காது. "சின்னனுகளிட்ட அம்மாள் விளையாட வாறவ. வளந்த ஆக்களிட்ட வந்தா விளையாட்டில்லை."

போன பங்குனியில் பிரசாந்தன் வீட்டில் வேப்பிலை ஏறியது. முதலில் மகள் லக்சிகாவுக்கு வந்தது. வயிற்றில் கொஞ்சம், முதுகில் கொஞ்சம். வேப்பங்கொத்தால் கோழி கலைத்துக்கொண்டு திரிந்தாள் அவள். அவள் எழும்பி விளையாடத் தொடங்கிய கையோடு தகப்பன் படுத்தான். உழவு மெசின் ஓட்டுகிறவன், நெல் மூட்டையைத் தனியே தூக்கி ஏற்றுகிறவன். சின்ன வயதில் இடம்பெயர்ந்து அலைந்ததில் அவனுக்கு எந்த நோய் வந்தது, எது வரவில்லை என்று தாய் இரஞ்சிதத்துக்கே நினைவில்லை. இப்போது முகம் முழுக்க, வாய்க்குள், கண் மடலில்கூடக் கொப்புளம்.

மீனம்மா உள்ளே போனதும் அவன் மனைவி சுதாஜினியின் வயிற்றைத்தான் பார்த்தாள்.

"எடியே, உனக்கு முந்தி வந்ததோ?"

"தெரியாதக்கா."

"தெரியாதெண்டா வரேல்லை எண்டு வை. பிள்ளையை வயித்தில வைச்சுக்கொண்டு இதுக்குள்ள என்ன செய்யிறாய்? உன்ர அப்பரிட்டப் போ, அந்தாளுக்கு எப்பவோ வந்து போட்டுது. கிளினிக் மிஸ்ஸிக்கு இப்பவே போன் எடுத்துச் சொல்லு. நேர கிளினிக்குக்குள்ள போய் நிண்டிடாத, அங்க இன்னும் வயித்துப்பிள்ளைக்காரியள் இருப்பினம்."

பிறகு இரஞ்சிதத்தைப் பார்த்தாள். "மாமி, இவனை டொக்டரிட்டக் காட்டினனீங்களோ?"

"அம்மாளுக்கு ஆரும் மருந்து குடுக்கிறதே? தலைக்குத் தண்ணி வாக்குமட்டும் அவன் படலை தாண்டக்கூடாது."

"முதல் கொப்புளத்தோட காட்டியிருக்கோணும்" என்று முணுமுணுத்துக்கொண்டு நகவெட்டியைத் தேடப் போனாள் மீனம்மா.

சில நாளில் பிரசாந்தனுக்கு வறட்டு இருமல் தொடங்கியது. அம்மாள் இறங்குகிறா, அதுதான் இருமுகிறான் என்றாள் இரஞ்சிதம். ஒரு மத்தியானம் அவன் தண்ணீர் கேட்டான். "தண்ணி" என்று சொல்லி மூச்சு வாங்கி, பிறகுதான் "தாங்கோ" என்றான். விலா எலும்பு உள்ளே போய் வந்தது. மீனம்மா கையிலிருந்த கொத்தைப் பாயில் போட்டுவிட்டு அம்புலன்சுக்குப் போன் எடுத்தாள்.

வண்டிச் சத்தம் கேட்டதும் இரஞ்சிதம் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "ஆரைக் கேட்டுக் கூப்பிட்டனி? அம்மாள் இருக்கிற உடம்பை வெளியால எடுத்தா அவ கோவிச்சு..."

மீனம்மாவும் கும்பிடாதவள் இல்லை. வருசா வருசம் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவள். அதனால் நுரையீரல், ஒட்சிசன் என்று ஒரு சொல்லும் பேசவில்லை. விறுவிறென்று படலைக்குப் போனாள், செருகியிருந்த வேப்பங்கொப்பை உருவி வந்து, தள்ளுகட்டிலில் கிடந்தவனின் காலடியில் வைத்தாள்.

"அம்மாளை விட்டிட்டுப் போகச் சொல்லி ஆர் சொன்னது? அவவையும் ஏத்துங்கோ. நீங்களும் ஏறுங்கோ."

"என்னம்மா இது, குழையெல்லாம்?" என்றான் அம்புலன்சில் வந்தவன்.

"இவவும் வாறா. நீ கதவைச் சாத்து தம்பி. பொக்குளிப்பான் எண்டு வாசலிலேயே சொல்லிப்போடு, சனத்துக்க கொண்டுபோய்ப் போட்டிடாத."

இரஞ்சிதம் செருப்பைக் கால்மாறிப் போட்டுக்கொண்டு ஏறினாள்.

நெஞ்சுப் படத்தைப் பார்த்த டொக்டர், இரண்டு பக்கமும் பிடித்துவிட்டது, இனியும் வீட்டில் வைத்திருந்தால் ஆளைக் கண்டிருக்க மாட்டீர்கள் என்றார். அவன் ஒட்சிசனோடு கிடந்த நாட்களில் இரஞ்சிதம் வெளியே மரவாங்கில் குந்தியிருந்தாள். மீனம்மா பஸ் ஏறிச் சோறு கொண்டு போனாள். "நீங்களும் படுத்தா உங்களையும் நான்தான் பாக்கோணும். எனக்கென்ன, வேற வேலை இல்லையே? தின்னுங்கோ மாமி."

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவனுக்குத் தண்ணீர் வார்த்தார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர் காலையில் இருந்தே முற்றத்து வெயிலில் காய்ந்தது. சுதாஜினி இன்னும் தகப்பன் வீட்டில்தான், இதுவரை ஒரு கொப்புளமும் போடவில்லை. பிரசாந்தன் பலகையில் குந்தினான். மூட்டை சுமந்த முதுகில் எலும்பை எண்ணலாம் போலிருந்தது.

இரஞ்சிதம் செம்பை முக்கி எடுத்து மீனம்மாவிடம் நீட்டினாள். "முதல் தண்ணி நீ வார்."

மீனம்மா செம்பை வாங்கினாள். வார்க்கவில்லை, நிலத்தில் வைத்தாள். அவனுக்குப் பின்னால் முழங்காலில் இருந்து, காய்ந்த பொருக்குகள் உதிராத அந்த முதுகில் காதை ஒட்ட வைத்தாள்.

"என்னடி..." என்று தொடங்கிய இரஞ்சிதத்தைக் கையால் அடக்கினாள்.

"மூச்சை இழு."

இழுத்தான்.

"இன்னும். உள்ளுக்க போகட்டும்."

அவன் மறுபடி இழுத்து, நீளமாக விட்டான். மீனம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, காதை எடுக்காமலே, கையால் துழாவிச் செம்பை இரஞ்சிதத்தின் பக்கம் தள்ளிவிட்டாள்.