முதலில் கிளம்பிய பை

சனிக்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு எல்லாம் குழம்பத் தொடங்கியது. அதுவரை நான் பயந்தது பாறைக்கு மட்டும்தான்.

பல்லாவரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குன்று. பாதி தூரம் ஒற்றையடிப் பாதை. மீதி வெறும் பாறை, கையையும் காலையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். அடையாறில் இருக்கும் என் மைத்துனர் படிக்கிற நாளில் ஏறியிருக்கிறாராம். தை மாதத்து இளவெயிலில் எங்கள் எட்டு வயதுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவரும் என் கணவரும் முடிவு செய்துவிட்டார்கள். ஒரு வாரமாக எங்கள் தி.நகர் வீட்டுக் கூடத்தில் இதே பேச்சு. கணவர் தரையில் சாக்குக்கட்டியால் வீடு, மாம்பலம் ஸ்டேஷன், குன்று எல்லாம் வரைந்து பெண்ணுக்குப் பாடம் நடத்தினார்.

"வழி தவறிப் போயிட்டா என்ன பண்ணணும்?"

"உசரமா ஒரு எடத்துல ஏறி உக்காந்துக்கணும். அசையப்படாது. நீங்க தேடிண்டு வருவேள்."

"கான்வாஸ் ஷூ பாறையில வழுக்காதோ?" என்று கேட்டேன்.

"வழுக்கினா கழட்டிடலாம். கால் சுட்டா போட்டுக்கலாம். நீ கீழேயே நின்னுண்டு பஞ்சாங்கம் பாத்துண்டிரு."

கேலிதான். ஆனால் நான் பஞ்சாங்கம் பார்த்திருந்தேன். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். மைத்துனர் வந்து சேரவே ஒன்பதரை ஆகும். இப்படிப்பட்ட சமயத்துக்கென்று எங்களிடம் ஒரு வழி உண்டு. பரஸ்தானம் என்பார்கள். பயணச் சாமானில் ஒன்றை நல்ல நேரத்திலேயே வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் புறப்பட்டாகிவிட்டது என்று அர்த்தம். பிறகு எப்போது கிளம்பினாலும் போகிற வழியில் அதை எடுத்துக்கொள்ளலாம். வைத்த சாமான் வீட்டுக்குள் மட்டும் திரும்பி வரக் கூடாது.

ஷூக்களையும் ஒரு துண்டையும் துணிப்பையில் போட்டுப் பெண்ணிடம் கொடுத்தேன். "எதிராத்து மாமிகிட்ட குடுத்துட்டு வா. என்ன ஆனாலும் பையைத் திருப்பி ஆத்துக்குள்ள கொண்டு வந்துடாதே."

புளியோதரையைப் பொட்டலம் கட்டி முடித்தபோது கடிகாரம் ஒன்பது அடித்தது. வாசலுக்கு வந்தேன். எதிர் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. பையும் இல்லை, பெண்ணும் இல்லை.

இஸ்திரி போடுகிறவர், "பாப்பாவா? இப்டிக்கா போச்சே" என்று ஒரு பக்கம் கையைக் காட்டினார். சோடாக் கடையில் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் காட்டினார்கள். நான் பனகல் பார்க்குக்கு ஓடினேன். செருப்புப் போட்டிருந்தேனா என்று இன்றும் நினைவில்லை. பார்க்கில் எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் அவளாகவே தெரிந்தது. கிட்டப் போனால் இல்லை. கண்ணை மூடினால், நாங்கள் இன்னும் போயே சேராத அந்தப் பாறையிலிருந்து அவள் வழுக்கி விழுந்துகொண்டே இருந்தாள். புறப்பட்டாகிவிட்டதா, இல்லையா? அவள் தொலைந்தது வீட்டிலா, வழியிலா? அதுகூட எனக்குப் பிடிபடவில்லை.

திரும்பி வந்தபோது எதிர் வீட்டு மாமி அர்ச்சனைத் தட்டோடு கோயிலிலிருந்து வந்திருந்தாள். "எங்கிட்ட ஒண்ணும் வரலையேடி. என்ன பை?" என்றாள்.

தோளில் கயிற்றுச் சுருளோடு மைத்துனர் வந்து இறங்கினார். "என்ன மன்னி, ரெடியா?"

அவளைத் தேடிப் போயிருந்த என் கணவர் சட்டை வியர்வையில் நனைய ஓடி வந்தார்.

"எங்கே தேடினே?"

"பார்க்குல. நீங்க?"

"நானும் பார்க்குலதான்."

"அப்போ ஸ்டேஷன் பக்கம்?" என்றார் மைத்துனர். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கூடத்துத் தரையில் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போட்ட சாக்குக்கட்டிக் கோடு இன்னும் அழியாமல் இருந்தது.

கணவர் சைக்கிளை எடுக்கத் திரும்பினார். அப்போதுதான் தெருமுனையில் ஒரு பூக்காரி வருவது தெரிந்தது. இடுப்பில் கூடை, தோளில் எங்கள் துணிப்பை, ஒரு கையில் என் பெண். நான் ஓடிப்போய் அவளை அப்படியே கட்டிக்கொண்டேன். அவளோ என்னைப் பார்க்கவில்லை. வாசல் கேட்டுக்கு வந்ததும் பூக்காரியின் புடவையை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

பூக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாம்மா நீ? ரயில்வே மேம்பாலத்துல, படி உச்சில ஏறி குந்திகினு கீது கொயந்த. எறங்குன்னா எறங்க மாட்டேன்னுது. அப்பா தேடிக்கினு வருவாராம். நாந்தான் பைய வாங்கி மாட்டிக்கினு, தாஜா பண்ணி இட்டாந்தேன். இங்க வந்தா, பை வூட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு என்னையும் தெருவுலயே நிக்க வெக்கிது. அப்டி இன்னாம்மா வெச்சிகீற இந்தப் பையில?"