அண்ணியின் பால் டின் கடிகாரம்

கெட்டிப்பால் டின் ஒன்று. அடியில் ஊசித்துளை, வெளியே சிவப்புச் சாயத்தில் ஐந்து கோடுகள். தண்ணீர் வாளியில் மிதக்கவிட்டால் துளை வழியே நீர் ஏறி, டின் மெல்ல இறங்கும். முழுகும்போது அதில் கட்டிய கயிறு மேலே தொங்கும் மணியை இழுக்கும். தமிழ்ப்பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்த என் அண்ணி செய்த கடிகாரம் அது. இன்று என் மகன் கணினி விளையாட்டுகளுக்கு நேரக் கணக்கு நிரல் எழுதுகிறான். ஒருமுறை எழுதினால் எல்லா விளையாட்டுக்கும் அதுவே போதுமாம், எண்ணை மட்டும் மாற்றினால் சரியாம். எனக்குச் சிரிப்பு வரும். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வாரமே மலாக்கா காஜா பெராங்கில் அண்ணி அதைச் செய்துவிட்டாரே.

எங்கள் சங்கத்தில் விளையாட்டுகளுக்கு நேரம் பார்ப்பது செயலாளர். நல்ல கைக்கடிகாரம் வைத்திருந்தார். ஆனால் அதைப் பார்த்ததைவிட ஆட்டத்தைப் பார்த்ததுதான் அதிகம். போன பொங்கல் விளையாட்டு அதனால் கைகலப்பில் முடிந்தது. மெர்டேக்கா என்ற சுதந்திர விழாவுக்குத் தான் நேரம் பார்ப்பதாக அண்ணி சொன்னதும் கூட்டமே திரும்பிப் பார்த்தது. பெண்கள் அதுவரை திடலில் தண்ணீர் கொடுத்ததோடு சரி.

"சரிம்மா. ஒரு தகராறு வந்தாலும் வேலை எங்கிட்ட திரும்பிடும். அப்புறம் பொம்பளைங்க யாரும் கேக்கக் கூடாது" என்றார் செயலாளர்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேறு நேரம் என்பதால், ஆட்டத்துக்கு ஒன்றாக நானும் அண்ணியும் ஏழெட்டு டின்களைத் துளைத்துப் பாழாக்கினோம். ஒரு மத்தியானம் சும்மா ஒரு கோலியை டின்னுக்குள் போட்டார். பாரம் கூட, சீக்கிரம் முழுகியது. "அடியே, ஒரே டின் போதும்டி. கோலியை மட்டும் மாத்துவோம்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

விழாவில் முதல் ஆட்டம், பெண்கள் வட்டமாக நின்று பந்து கைமாற்றுவது. மணி அடிக்கும்போது யார் கையில் பந்தோ, அவர் வெளியே. ஒவ்வொரு கோடாகத் தண்ணீருக்குள் போகப் போக நாங்கள் "அஞ்சு, நாலு" என்று கத்தினோம். மலாய் பேசும் பக்கத்துக் கம்போங் செட்டிக்காரர்கள் "லீமா, அம்பாட்" என்றார்கள். மூன்றோடு டின் நின்றுவிட்டது. பந்து மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. பெண்களுக்கு மூச்சு வாங்கியது.

எனக்கு உடனே புரிந்தது. நாங்கள் மாச்சிக் என்று கூப்பிடும் கம்போங் செட்டி அத்தை ஒருவர், நல்ல நாளில் பூ இல்லாமலா என்று வாளி நிறைய உதிரிப்பூ தூவியிருந்தார். நாங்களும் கும்பிட்டுவிட்டு அதன் மேலேயே டின்னை வைத்திருந்தோம். இதழ் துளையை அடைத்துவிட்டது.

செயலாளர் கடிகாரம் கட்டிய கையை உயர்த்திக்கொண்டு வட்டத்துக்குள் நுழைந்தார். "நிறுத்துங்க, நிறுத்துங்க. நான் அப்பவே சொன்னேன்." அண்ணி வாளியருகே குனிந்தார். டின்னைத் தூக்கினால் ஆட்டம் செல்லாது. கொண்டை ஊசியை உருவி, முழங்கை வரை தண்ணீரில் விட்டு, அடியிலிருந்து இதழைக் குத்தி எடுத்தார்.

"ரெண்டு... ஒண்ணு!" என்றது திடல்.

ஆட்டம் நிற்கவில்லையே. ஒருத்தி பழக்க தோஷத்தில் பந்தைப் பக்கத்தில் நின்றவர் கையில் திணித்தாள். நின்றவர் செயலாளர். மணி அடித்தது.

யாருக்கும் சிரிக்கத் துணிவில்லை. அவர் பந்தைப் பார்த்தார், தன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வட்டத்தைவிட்டு வெளியேறி, தோற்றவர் நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்றார். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அடுத்த ஆட்டத்துக்கு எத்தனை கோலிம்மா?"

"ரெண்டு, சார்."

அவரே வந்து எண்ணிப் போட்டார்.