குடலில் முளைத்த காளான்

முனிரத்தினம் 1881இல் நசரத்பேட்டையில் பிறந்தார். நெல்லும் கீரையும் பயிரிட்டார். மனைவி வேம்புலியம்மாள், தம்பி சின்னசாமி. தந்தையார் ஐம்பதாம் வயதில் ஆசனவாய் வழியே இரத்தம் போய், மெலிந்து இறந்தவர். முனிரத்தினத்துக்கும் நாற்பத்தாறாம் வயதில் இரத்தம் போகத் தொடங்கியது. இதுவரை எழுதியவை ஐயமற்ற செய்திகள். இனி அவர் குடும்பத்தாரின் அறிவு தொடங்குகிறது.

நோயாளியைப் பார்க்காமலே நோயைச் சொல்லும் வல்லமை சின்னசாமிக்கு இருந்தது.

"மூலம், அண்ணாத்தே! நைனாவுக்கு இருந்ததுதான். எனக்குங்கூடக் கீது. கருணைக்கெழங்க வேவிச்சுத் துன்னு, ஓடிப்பூடும்."

"நைனாவே ஓடிப்பூட்டாரேடா," என்றார் முனிரத்தினம்.

இந்த நுட்பமான மறுப்பை எவரும் பொருட்படுத்தவில்லை. ஓராண்டு கிழங்கு தின்றார். இரத்தம் நிற்காததால் மனைவியுடன் வண்டி கட்டிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே டாக்டர் வீரராகவன் விளக்குப் பொருத்திய குழாயை உள்ளே செலுத்திப் பார்த்தார்.

"இது மூலம் இல்லம்மா. குடலுக்குள்ள ஒரு சதை வளர்ந்திருக்கு. இப்ப எடுத்துட்டா ஒண்ணுமில்ல. விட்டா புத்து வைக்கும்."

வேம்புலியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். திருவேற்காட்டில் அம்மன் குடியிருக்கும் புற்றுக்கு ஆடி தவறாமல் பால் ஊற்றுகிறவர் அவர். அவருக்குத் தெரிந்த புற்று அது ஒன்றுதான்.

"ஆத்தா எங்க ஊட்டுக்காரரு வயித்துல குந்திகினு கீறாளா? புத்த இடிக்கிறதாவது! கைய வெக்காதீங்க அய்யா!"

டாக்டர் வாய் திறப்பதற்குள் கணவரை இழுத்துக்கொண்டு வெளியேறினார். அடுத்த எட்டு மாதம் முனிரத்தினம் இடுப்பில் மஞ்சள் துணியோடும் வேளைக்கொரு செம்பு பாலோடும் நடமாடும் கோயிலாக விளங்கினார். தன் வயிற்றை விட்டு அண்ணன் வயிற்றைத் தெய்வம் தேர்ந்ததில் சின்னசாமிக்குச் சிறிது வருத்தம். இவ்வளவு உபசாரத்துக்குப் பிறகும் இரத்தம் போய்க்கொண்டேதான் இருந்தது. முனிரத்தினம் வரப்பில் மயங்கி விழுந்த அன்று மீண்டும் வண்டி கட்டினார்கள்.

போன முறை ஏன் ஓடினீர்கள் என்று டாக்டர் கேட்டார், அம்மாள் சொன்னார். டாக்டர் சிரிக்காமல் பென்சிலை எடுத்துப் படம் வரைந்தார்.

"இதோ காம்பு. இதோ தலை. இன்னும் இது புத்து ஆகலம்மா."

"அய்ய, இது காளானாச்சே!"

"காளான்தான்."

"புத்துல மொளச்ச காளானப் பறிச்சா குத்தமில்ல. நாங்களே பறிச்சுக் கொழம்பு வெப்போம். அத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? எட்டு மாசமா பாலு ஊத்திகினு கீறேன்!"

மருத்துவக் கல்வி தோற்ற இடத்தில் குழம்புச் சட்டி வென்றது. கம்பிச் சுருக்கைக் காம்பில் மாட்டி, மின்சாரத்தால் சுட்டுச் சதையை எடுத்தார்கள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, தலையின் நுனியில் புற்றுநோய் தொடங்கியிருந்தது, காம்புக்கு இறங்கவில்லை. அதனால் குடலை வெட்ட நேரவில்லை. ஆனால் ஒன்று முளைத்த குடலில் இன்னொன்று முளைக்கலாம் என்பதால் ஆண்டுதோறும் வந்து காட்டும்படி டாக்டர் சொன்னார். தந்தைக்கும் இரத்தம் போனதால் தம்பியையும் அழைத்து வரச் சொன்னார்.

"கொழாய வெச்சு ஊதறதுக்கு நான் இன்னா அடுப்பா?" என்றார் சின்னசாமி. "எனக்கு மூலந்தான், அண்ணாத்தே. என் ஒடம்பு எனக்குத் தெரியாதா?"

முனிரத்தினம் ஆண்டுதோறும் வண்டி கட்டினார். சின்னசாமி கிழங்கு தின்றார்.

அதன்பின் முனிரத்தினம் வாழ்ந்தது பதினாறு ஆண்டுகள். சின்னசாமி மூன்று.